நான் கேட்க மறுத்த செல்வி

2024 ஜூலை 9, செவ்வாய். ஒன்பது மணிக்குத் தாம்பரம் கிளினிக்கைத் திறந்தேன். அன்றைய ஃபைல்களை டோக்கன் வரிசைப்படி அடுக்கினேன். பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மனநல சமூகப் பணியாளராக எனக்கு அது இருபத்திரண்டாவது வருடம்.

பதினொன்றரைக்குச் செல்வி. பெயரை மாற்றியிருக்கிறேன். திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சிறுவயதில் பெரியப்பாவால் நேர்ந்த கொடுமையை எங்களிடம் மட்டும் சொல்லியிருந்தார். கணவருக்குத் தெரியாது. தாங்க முடியாததைத் தாங்க ஒரு குழந்தையின் மனம் தன்னைப் பிரித்துக்கொள்கிறது. செல்விக்கும் அப்படித்தான்; ஒரு பகுதிக்குத் தெரிந்தது இன்னொன்றுக்கு நினைவிருக்காது. இதைக் குணமாக்க மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும்தான் மாத்திரை. மற்றபடி வருடக்கணக்கான பேச்சு சிகிச்சை. அதில் முதல் படி, அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பார்ப்பது.

அன்று வந்தது செல்வியின் கோபமான பகுதி. நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். குரல் தடித்திருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். செல்விக்குத் தெரியாது, எனுக்குத்தான் தெரியும்."

கோபப்படும் அந்தப் பகுதியோடு பேசினால் அது வலுத்துவிடும் என்று நானாக நினைத்திருந்தேன். செல்வி வந்தால்தான் பேசுவேன் என்றேன்.

"உனுக்கு அழுவற செல்விதான் வோணும், இல்ல?" என்று எழுந்து போய்விட்டார். ஃபைலில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன்.

மூன்றே காலுக்குக் கோவிலம்பாக்கம் வீட்டிலிருந்து கணவர் போன் செய்தார். "மேடம், செல்வி இன்னும் வரல. அவ பெரியப்பா வேற கண் ஆபரேஷனுக்குன்னு பெட்டியோட வந்திருக்கார், ஒரு மாசம் தங்கப் போறாராம். நேத்தே போன் பண்ணாராம், இவதான் எடுத்தாளாம். எங்கிட்ட சொல்லவே இல்ல."

காலையில் என்னிடம் சொல்ல வந்தது அதுதான்.

ஆறு மணிக்குக் கோவளத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் செல்வியின் போனிலிருந்து கணவரைக் கூப்பிட்டார். நானும் கணவரும் ஆட்டோவில் போனோம். படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் செல்வி உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

"பதினொன்னரைக்குத்தானே மேடம் அப்பாயின்ட்மென்ட்? லேட் ஆயிடுச்சா?"

இல்லை என்று சொன்னேன்.

கிளினிக்குக்கு அழைத்து வந்தோம். பெரியப்பா வந்திருப்பதை டாக்டர் மெதுவாகச் சொன்னார். காரணம் சொல்ல வேண்டாம், அவர் வீட்டில் தங்கக் கூடாது என்று மட்டும் நாங்கள் கணவரிடம் சொல்லச் செல்வி சம்மதித்தார். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாவை அன்றே லாட்ஜுக்கு மாற்றினார்.

நான் செய்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"அந்தக் கோபம்தான் மேடம் இத்தனை வருஷம் அவங்களைக் காப்பாத்தியிருக்கு. வேற யாரையோ திருப்பி அனுப்பல நீங்க. செல்வியைத்தான் திருப்பி அனுப்பினீங்க."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தக் குரலில் வந்தாலும் வருகிறவர் ஒருவரே. நமக்குப் பிடித்த குரலுக்கு மட்டும் நாற்காலி போடக் கூடாது.

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவர் பெரியப்பாவை ஊருக்கு பஸ் ஏற்றப் போயிருந்தார். செல்வி கதவைப் பாதி திறந்து, "இன்னா?" என்றார், அதே தடித்த குரலில்.

"நேத்து நீங்க சொல்ல வந்ததைக் கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன்.