வேலுச்சாமியின் குடையை அறுத்த நாள்

1974 ஜூன் 11, காலை ஒன்பதே கால் மணி, அடைமழை. கஞ்சிக்கோடு பஸ் நிறுத்தத்தில் பதினேழு குடைகளை எண்ணினேன். பதினான்கு குடைகள் பக்கத்துப் பட்டறை வேலுச்சாமி செய்தவை. என் பட்டறைக் குடை ஒன்றுகூட இல்லை. என் குடைகளில் ஸ்பிரிங் ஒரே மாதத்தில் தளர்ந்துவிடும்.

அவர் போடுவது வெளிநாட்டு ஸ்பிரிங் என்று நிரூபிக்க, எங்கள் இருவர் குடைகளையும் விற்கும் கடைக்காரர் முன்னாலேயே வேலுச்சாமியின் குடை ஒன்றை வாங்கித் தண்டை அறுத்தேன். உள்ளே இருந்தது நான் வாங்கும் அதே கோயமுத்தூர்க் கம்பி. சரக்குப் போட வந்த வேலுச்சாமி பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, குடை என்ன பாவம் பண்ணுச்சு? எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே! கம்பியைச் சுத்துன பொறகு ஒருக்கா சூடு காட்டோணுமுங்க, அவ்வளவுதான்” என்று சிரித்தார்.

அவர் சொல்லியா நான் குடை செய்வது என்று, இரண்டு வருடம் சூடு காட்டாமலே செய்தேன். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். பட்டறையை விற்றபோது நஷ்டம் பதினோராயிரத்து நானூற்று இருபது ரூபாய்.