நூற்றுக்கு நான்கு

என் தம்பி சாமிசோனியைப் போன்ற மடையனை ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியேறிய இந்த லோகன் நகரத்தில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஐம்பத்து நான்கு வயது, கோழிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை, ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. அப்படிப்பட்டவன், தனக்குச் சர்க்கரை வர எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு இணையதளத்தில் கணக்குப் பார்த்தான்!

மகள் பரிசாகக் கொடுத்த மரபணுச் சோதனையின் முடிவுகளை அதில் ஏற்றினான். எந்த வம்சம் என்று கேட்டது. பட்டியலில் எங்கள் டோங்காத் தீவு இல்லை. அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். எங்கள் கொள்ளுப்பாட்டன் ஒரு வெள்ளைக்கார மாலுமி என்று வீட்டில் ஒரு பெருமை உண்டு. தம்பி ஐயா 'ஐரோப்பா' என்று அழுத்திவிட்டார். புத்தியில்லாத அந்தக் கணக்குப்பெட்டியும் ஏன் எதற்கென்று கேட்காமல் நூற்றுக்கு நான்கு என்று துப்பியது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூடத்தில் எல்லோரும் சாப்பிடும்போது அந்தக் கணக்கை அச்சடித்த தாளை நீட்டினான். "டாக்டரு ஒரு சொட்டு ரத்தம் பாத்தாரு. இது என் பரம்பரையையே பாத்திருக்கு. எது பெருசு?"

"உங்கம்மா சக்கரையில போனாங்க, மாமா சக்கரையில போனாரு. உங்களுக்கு மட்டும் மாலுமி ரத்தமாக்கும்!" என்றாள் அவன் மனைவி சலோத்தே.

"பேசாம அந்தக் கேக்க இங்க தள்ளு."

மாத்திரையை நிறுத்தினான். இரண்டு மாதத்தில் வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். பத்தொன்பது வருடமாகச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

அடுக்களையில் சலோத்தேயிடம், "ஷூவக் கழட்டிப் பாரு" என்றேன்.

"காட்டவே மாட்டேங்கிறாரு அண்ணி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அக்கா பேச்ச எந்தத் தம்பி தட்டுவான்?"

உண்மைதான். டோங்காக்காரர்கள் எங்களில் அக்கா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஆனால் அக்காவும் தம்பியும் உடம்பைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. வளர்ந்த தம்பியின் வெறுங்காலை அக்கா பார்ப்பதே வெட்கக்கேடு.

"தம்பிகிட்டப் போயி நான் காலப் பத்திப் பேசவா? நல்லாருக்கு!" என்று அவளை அதட்டிவிட்டு, இன்னொரு தட்டு சேப்பங்கிழங்கு போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவன் வலது காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இது மருத்துவ ஆலோசனை அல்ல என்று அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கை கழுவத் தெரிந்த சனியன். எனக்கு என்ன சாக்கு இருக்கிறது?

வீட்டில் கட்டு மாற்ற வேறு நர்ஸ் கிடைக்கவில்லை, நானே போனேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிறு வயதுக்குப் பிறகு என் தம்பியின் காலை அன்றுதான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.