மீட்டர் ஓடும்போது எதை முதலில் சொல்வது

எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவளுக்குக் காது கேட்காது என்று நம்பித்தான் ஊரே போன் பேசும். தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது என் பூத். ஊர்க்கதை அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நாற்பத்தேழு வயதில் என் உடம்பின் கதையை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. அந்த வயதைத் தாண்டிய, தாண்டிக்கொண்டிருக்கும் தோழிகளே, ஒரு விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

ஃபேனுக்கு அடியில்

வாடிக்கையாளர் பேசுவது காற்று நுழையாத கண்ணாடிக் கூண்டுக்குள். நான் உட்காருவது வெளியே, ஃபேனுக்கு நேர் கீழே. ஆனாலும் திடீரென்று நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறும், ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் குளிரும். ஃபேனை அணைப்பேன், போடுவேன், வாசல் வரை போய்த் திரும்புவேன். ஒரு இடத்தில் உட்கார முடியாது, படுத்தால் தூக்கம் கிடையாது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாதவிலக்கு சில மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வந்தால் நாட்கணக்கில் நிற்காமல் போனது. நாற்காலியில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, மேலே துண்டு விரித்துத்தான் பூத்தில் உட்கார்ந்தேன். புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். ஒரு நாள் கூண்டிலிருந்து வெளியே வந்த கல்பட்டறைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கூண்டுக்குள்ள நின்ன எனக்கே வேர்க்கல. காத்தாடிக்குக் கீழ குந்திகினு உனக்கு இன்னாக்கா இப்டி ஊத்துது?"

எனக்குப் பதிலாகப் பேசியவர்

ஒரு சாயங்காலம் என் கணவர் செங்கல்பட்டில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனார். அங்கே ஒரு வழக்கம். நேரம் மிச்சமாகட்டும் என்று அடுத்த டோக்கன்காரர்களையும் உள்ளேயே கூப்பிட்டு, சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். நீங்கள் சொல்வதை அவர்களும் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், என் கணவர் பதில் சொன்னார். "தூக்கம் இல்லீங்க டாக்டர். எரிஞ்சு எரிஞ்சு விழறா." நான் வாயைத் திறந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஆவலாக நிமிர்ந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். "இந்த வயசுக்கு இப்படித்தாம்மா இருக்கும்" என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதி, மேஜை மணியை அடித்தார். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். எழுந்துவிட்டேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, டாக்டர்மேலா, இவர்மேலா, என்மேலா என்று தெரியாத ஆத்திரம். திரும்பும் பஸ்ஸில் என் கணவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்: "எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல?"

நலம் விசாரிப்பு அப்புறம்

மீன் விற்கும் கஸ்தூரி வாரம் தவறாமல் வந்து, மும்பையில் இருக்கும் மகளிடம் பேசுவாள். மற்றவர்கள் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, மழை உண்டா என்று ஆரம்பித்து, முக்கியமான விஷயம் வாய்க்கு வரும்போது மீட்டரைப் பார்த்துப் பதறி வைத்துவிடுவார்கள். கஸ்தூரி அப்படியில்லை. "உங்கப்பனுக்குக் கால் வீங்கிகினு கீது, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும், அங்க கீற உன் தம்பிய வரச் சொல்லு." முதல் வாக்கியமே இதுதான். மகள் சரி என்று சொல்லும்வரை போனை வைக்கமாட்டாள்.

என்னடி இது, பெற்ற மகளிடம் ஒரு நலம் விசாரிப்பு கூட இல்லையா என்று கேட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "மீட்டரு ஓடறப்போ சொகம் விசாரிச்சினு இருந்தா விசயம் வயித்துக்குள்ளயே பூடும்க்கா."

பெஞ்சில் இருந்தவர்கள்

அடுத்த முறை செங்கல்பட்டுக்குத் தனியாகப் போனேன். அதே டாக்டர், அதே பெஞ்ச், அதில் மூன்று பெண்கள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "ரத்தப்போக்கு நிக்கல டாக்டர். நாற்காலியில ஷீட் போட்டு உட்கார்றேன். கேன்சரோன்னு பயமா இருக்கு." பெஞ்சில் மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். என் காது சுட்டது. அது வழக்கமான சூடா வெட்கமா என்று யோசிக்க நேரமில்லை.

"பிள்ளைங்க பெரியவங்கதானே? கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார் டாக்டர். ஏன் இப்படி ஆகிறது, பரிசோதனை பண்ணாமல் எப்படித் தெரியும், எடுக்காமல் வேறு வழி உண்டா என்று கேட்டேன். அவர் மணியை அடித்தார். நான் எழவில்லை. "நான் இன்னும் போனை வைக்கல டாக்டர்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், முகம் மாறியது. ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, ஸ்கேனும் வேண்டும், கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும், முடிவைப் பார்த்துவிட்டு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்று பொறுமையாகச் சொன்னார். கேன்சர் இல்லை என்று பிறகு தெரிந்தது. ரத்தப்போக்கு மாத்திரையிலேயே அடங்கியது, ஆபரேஷன் தேவைப்படவில்லை.

அன்று நான் எழுந்து வெளியே வருவதற்குள், பெஞ்சில் முதலில் இருந்த அம்மாள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உட்காரும்முன்பே டாக்டரிடம் சொன்னாள்: "அவங்க சொன்ன அத்தினியும் எனக்கும் கீது, அவங்க கேட்ட அத்தினியும் நானும் கேக்கறேன்."

செல்போன் வந்து என் பூத் மூடிப் பல வருடமாகிவிட்டது, ஆனால் எந்த டாக்டர் மணி அடித்தாலும் என் கேள்வி தீராமல் நான் நாற்காலியை விடுவதில்லை.