வெட்டிவிட்ட ஓரங்கள்

உதயகலா படமெடுக்கக் கற்றது மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டி வெட்டித்தான்.

சுன்னாகத்தில் வாகீசன் நடத்திவந்த ஸ்ரூடியோவின் பின்னறையில் அவளுக்கு வேலை. கலியாண வீட்டுப் படங்கள் அங்கே கணினிக்கு வந்துசேரும். இருட்டாய் இருப்பதை வெளிச்சமாக்கி, முகங்களைத் துப்புரவாக்கி, ஓரங்களை வெட்டி, அல்பத்துக்கு அடுக்கிக் கொடுக்கவேண்டும். ஓரங்களிலிருந்து என்னென்ன போகவேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. தண்ணீர்ப் போத்தல், கழற்றிப் போட்ட செருப்பு, மின்விசிறியின் கால். இவற்றோடு, தாலி கட்டும் படத்தில் எங்காவது ஒரு விதவை தெரிந்தால் அவளும் போகவேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த கிழமையிலேயே வாகீசன் திரையில் விரலை வைத்து, "உந்த ஆளை எடுத்துவிடு தங்கச்சி, வீட்டுக்காரர் குறை சொல்லுவினம்" என்றார். உதயகலாவின் கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் வாகீசனுக்கு அது உறைத்தது. வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். ஆளையும் வெட்டினாள். ஆனால் வெட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் தனக்கென்று வேறாகச் சேமித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வெட்டிய ஒவ்வொன்றையும் சேமித்தாள். வேலை முடிந்து ஸ்ரூடியோ பூட்டும்வரை அந்த ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. தூணோரம், கதவோரம், சமையற்கட்டு வாசல் என்று அந்தப் பெண்கள் நின்றார்கள். பெரும்பாலும் ஒரு கை வாயை மூடியிருக்கும். கமராவின் பிளாஷ் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் அவர்களுடைய முகங்களில் ஜன்னல் வெளிச்சம் மட்டுமே விழுந்திருந்தது. மணப்பெண்ணின் முகம் பூசிமெழுகிய சுவர் மாதிரித் தட்டையாய்த் தெரிய, பின்னால் நின்ற முகத்தில் கன்னமும் கண்குழியும் கழுத்து நரம்பும் தெளிவாயிருந்தன. வெளிச்சம் என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கியது அந்த முகங்களில்தான்.

வாகீசன் புதுக் கமரா வாங்கியபோது பழையதை அவளுக்குக் கொடுத்தார். நீர்வேலியில் தகப்பனுடைய வாழைத் தோட்டத்தில் அதை வைத்துக்கொண்டு அலைந்தாள். முதலில் எடுத்த படங்களில் ஆட்களெல்லாம் பச்சையாய் இருந்தார்கள். இலைகளுக்கூடாக வரும் வெயில் தோலில் பச்சை பூசிவிடுகிறது. கணினியில் அதைத் திருத்தினால் முகத்தின் உயிர் போய்விட்டது. ஒரு கோடை முழுக்க முயன்றபிறகு, காய்ந்த சருகுகள் தொங்கும் பக்கமாய் ஆளை நிறுத்தினால் நிறம் சரியாய் வருமென்று கண்டுபிடித்தாள். பழைய வெள்ளை உரப்பைகளை ஆளின் மடியில் விரித்து, கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றவும் பழகினாள். குலை வெட்ட வருகிறவர்கள் அவளைக் கண்டால் தலையை வாரிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

பிறகு வாகீசன் அவளைக் கலியாண வீடுகளுக்கும் அனுப்பினார். மணப்பெண்ணைச் சோடிப்பது, பந்தி, சொந்தக்காரர் வருகை எல்லாம் அவள் எடுக்கலாம். தாலி கட்டும் நேரம் வந்தால் ஸ்ரூடியோவின் மற்றப் படப்பிடிப்பாளனான நிருஷன் முன்னுக்குப் போவான், அவள் பின்னுக்கு வரவேண்டும். அந்த நேரத்தில் மணவறைக்கு மிகக் கிட்ட நிற்பது ஐயரும் தோழன் தோழியும் படம் எடுக்கிற ஆளும்தான். அந்த இடத்தில் கணவனை இழந்தவள் நிற்பதை ஒரு வீட்டுக்காரரும் விரும்பமாட்டார் என்று வாகீசன் சொன்னார். அவளும் பின்னுக்கு வந்து, தன்னோடு நின்ற பெண்களை எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் எடுக்கிற ஆக்கள் ஒருத்தரும் அல்பம் வாங்கிற ஆக்கள் இல்லை" என்று நிருஷன் பகிடி பண்ணுவான்.

"நீ எடுக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே முகமடா தம்பி. ஒண்டை எடுத்துப்போட்டு மற்ற வீடுகளுக்கும் குடுக்கலாம்."

அவளுடைய ஆசை அப்போதே உருவாகிவிட்டது. பின்வரிசைப் பெண்களின் படங்களை மண்டப வாசலில் கட்டும் பதாகை அளவுக்குப் பெரிதாய் அடித்து ஊர் பார்க்க வைக்கவேண்டும். ஆனால் பின்னால் நின்றுகொண்டு பின்னால் நிற்பவர்களை மட்டும் எடுப்பது அவளுக்குப் போதவில்லை. தாலியும் அந்த முகமும் ஒரே படத்தில் வரவேண்டும். இரண்டையும் பிரித்து எடுத்தால் யாராவது ஒரு பக்கத்தை வெட்டிவிடுவார்கள்.

நல்லூரில் ரியூசன் நிலையமொன்றில் படிப்பிக்கும் வித்தியா தன் கலியாணத்துக்கு அல்பத்தின் மாதிரி தெரிவுசெய்ய வந்தது அப்படியொரு நாளில்தான். திரையில் கிடந்த பின்வரிசைப் பெண்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தன்னுடைய தாய் பத்மாசினியைப் பற்றிச் சொன்னாள். தகப்பன் இல்லை. பெரியப்பா அருளம்பலமும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறார்கள். அம்மா மண்டபத்தின் கடைசியில் நிற்பா. தாலி ஏறுகிற அந்த நேரத்தில் அம்மாவின் முகமும் தன் படத்தில் இருக்கவேண்டும், உங்களால் முடியுமா என்று கேட்டாள்.

உதயகலா அடுத்த நாளே அந்த மண்டபத்துக்குப் போனாள். மணவறைப் பலகையில் ஒரு கதிரையை வைத்து, நாலு பக்கமும் நின்று பார்த்தாள். முன்னால் நின்றால் வித்தியாவுக்குப் பின்னே சோடனைத் துணி மட்டுமே தெரியும். பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளையின் தலைப்பாகை மறைக்கும். வித்தியாவுக்குப் பின்னால், சோடனைத் துணிக்கும் பலகைக்கும் இடையில் தோழி நிற்கிற ஒடுக்கமான இடம் ஒன்றிருந்தது. அங்கேயிருந்து மண்டபத்தைப் பார்த்தால் மாப்பிள்ளையின் கைக்குக் கீழாகக் கடைசித் தூண்வரை தெரிந்தது. அந்தப் படத்துக்கு அதைவிட வேறிடம் இல்லை. ஒரு விதவை நிற்கவே கூடாத இடமும் அதுதான்.

கதை எப்படியோ பத்மாசினியின் காதுக்குப் போய்விட்டது. கலியாணத்துக்கு முந்திய கிழமை அவள் பஸ்ஸேறி நீர்வேலிக்கே வந்தாள். வாசலில் நின்றபடியே கதைத்தாள்.

"எனக்கு உம்மிலை கோவமில்லை, பிள்ளை. நானும் உம்மைப் போலத்தானே. அதாலைதான் சொல்லுறன், நீர் அங்கை போய் நிக்காதையும். நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் பழி ஆருக்கு?"

"அக்கா, என்ரை கலியாணத்திலை மணவறையைச் சுத்தி நிண்டவை முழுப்பேரும் சுமங்கலியள்தான். அவர் போகேக்கை ஆரும் அவையளைக் கேட்டவையோ?"

உள்ளே வந்து இருக்கச் சொன்னபோதும் பத்மாசினி வரவில்லை. தான் தூணுக்குப் பின்னால்தான் நிற்கப்போவதாகவும், எங்கேயிருந்து எடுத்தாலும் தன் முகம் வராதென்றும் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேலியோர ஒழுங்கையால் நடந்து போனாள்.

உதயகலா யோசித்தாள். முகம் வராவிட்டால் தூண் வரட்டும், ஆனால் தான் நிற்கிற இடத்தை விடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

கலியாண நாளன்று ஆசீர்வாதத்துக்குத் தூவும் அறுகரிசித் தட்டுகள் கைமாறத் தொடங்கியதும் அவள் பக்கப்படியால் ஏறி, தோழிக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டு இருந்தாள். முன்னால் வழமைபோல நிருஷன் நின்றான். மாப்பிள்ளை பிரணவன் தாலிக்கொடியை வாங்க எழும்புகிற நேரத்தில்தான் அருளம்பலம் அவளைக் கண்டார். தாரை வார்த்த ஈரம் கையில் காயாமலே கிட்ட வந்தார்.

"பிள்ளை, நீர் இறங்கும். தம்பி எடுக்கட்டும்."

"தம்பி எடுக்கிறதைத் தம்பி எடுப்பார். நான் எடுக்க வந்தது இங்கை இருந்தால்தான் வரும்."

"இது மணவறை. உமக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது ஐயா. கலியாணப் பொம்பிளை சொல்லட்டும், இறங்குறன்."

வித்தியா தலையைத் திருப்பவில்லை. கூறைச்சேலையின் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி, "அவ இருக்கட்டும், பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள். ஐயர் நேரத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். தவில்காரர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுபநேரத்தைத் தள்ளிப்போட அருளம்பலத்தாலும் முடியாது. அவர் படியிறங்கினார். இறங்கியவர் ஒதுங்கிப் போகவில்லை. மணவறைக்கு நேர் முன்னால், கமராவின் பார்வைக்குக் குறுக்கே, சால்வையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். உதயகலாவின் கமராக் கண்ணாடிக்குள் வெள்ளை வேட்டியையும் சால்வையையும் தவிர வேறொன்றுமில்லை.

நிருஷன் அவளைப் பார்த்தான். எழும்பி வா என்பதுபோலத் தலையை அசைத்தான். அவள் எழும்பவில்லை.

மேளம் எழும்பியது. பிரணவன் குனிந்தான். அப்போது அருளம்பலத்தின் முதுகுப் பக்கமாய்ச் சனம் விலகியது. தூணுக்குப் பின்னால் நின்ற பத்மாசினிக்கும் அந்தச் சால்வை மறைத்துவிட்டது. தன் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை அவளால் பார்க்க முடியவில்லை. அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். கதிரைகளுக்கு நடுவே விட்டிருந்த பாதையில் நேராய் நடந்துவந்து, நடுமண்டபத்தில், எல்லாரும் பார்க்க நின்றாள். சலசலப்புக் கேட்டு அருளம்பலம் திரும்பினார். கணவனின் தமையனுடைய முகத்தை அவள் பார்க்கவில்லை. வலக்கையால் விலகுங்கோ என்று காட்டினாள். அவர் தன்னை அறியாமல் ஒரு பக்கம் ஒதுங்கினார்.

உதயகலா விசையை அழுத்தினாள்.

படத்தில் பிரணவனின் விரல்களும் கொடியும் கிட்டவாய்த் தெரிந்தன. தலைப்பாகையின் விளிம்பு மங்கலாய் ஒரு மூலையில் நின்றது. நடுவில், தூரத்தில், பத்மாசினி. அவள் வாயைக் கையால் மூடவில்லை. அழவுமில்லை. தனக்குரிய ஒன்றைக் கேட்டு வாங்க வந்தவளுடைய முகம் அது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அருளம்பலம் அவளைத் தேடிவந்து, இனி வலிகாமத்தில் ஒரு கலியாண வீட்டுக்கும் உன்னை அழைக்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னதைச் செய்தார். அவளை அனுப்பவேண்டாமென்று வாகீசனின் தொலைபேசி கிழமைக்கணக்காய் அடித்தது. வாகீசன் கெட்ட மனிதரல்ல. அந்த ஒரு படத்தை விட்டுவிட்டு அல்பத்தை முடித்துக் கொடு, கொஞ்ச நாள் பின்னறையில் இரு, சனம் மறந்துவிடும் என்று தன்மையாய்த்தான் சொன்னார்.

"அண்ணை, இவ்வளவு நாளும் வெட்டினது காணும்" என்றாள் அவள்.

அந்தப் படத்தை அல்பத்தின் நடுப்பக்கத்தில் இரண்டு தாளும் நிறைய வைத்து வித்தியாவின் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஸ்ரூடியோவை விட்டாள்.

இப்போது நீர்வேலியில் வீட்டு முன்னறையில் சொந்தமாய்த் தொழில் நடக்கிறது. அதிகம் வருவது கடவுச்சீட்டுப் படங்கள். மிச்ச நேரத்தில், சேமித்து வைத்த ஓரங்களில் இருந்த பெண்களை ஊரூராய்த் தேடிப்போய்ச் சம்மதம் கேட்கிறாள். மறுத்தவர்களின் படங்களை அவர்கள் கண்முன்னே அழித்தாள். சிலர் ஏசினார்கள். சிலர் சேலை மாற்றிக்கொண்டு வந்து, இன்னொருமுறை எடு என்றார்கள். பத்மாசினி படத்தை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, "சின்னதாய் அடிக்கிறதெண்டால் வேண்டாம்" என்றாள்.

கண்காட்சிக்கு ஒரு கலியாண மண்டபத்தைத்தான் அவள் தேடுகிறாள். கேட்ட இரண்டு மண்டபக்காரரும் மறுத்துவிட்டார்கள். வேறு இடத்தில் வைக்கலாமே என்று சொல்கிறவர்களுக்கு, அவர்கள் பின்னுக்கு நின்றது வேறு இடத்தில் இல்லையே என்கிறாள்.

போன கிழமை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளுக்குத் தை மாதம் கலியாணம், படங்கள் நல்லாயிருக்கும் என்று கேள்விப்பட்டோம், ஆனால் தாலி கட்டும் நேரம் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தள்ளி நிக்கமாட்டன், ஐயா" என்றாள் உதயகலா. "வீட்டிலை கதைச்சுப்போட்டுக் கோல் எடுங்கோ. தையிலை நான் சும்மாதான் இருக்கிறன்."