மிளகாய்ச் செடிக்குப் போன மருந்து

எங்கள் யார்டில் ஒரு சட்டம் உண்டு. கன்டெய்னர் மேல் இருக்கிற நம்பரை மட்டும் பார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதே. திருவொற்றியூரில் அந்த யார்டில் பதினெட்டு வருஷமாக நம்பர் எழுதுகிற வேலை எனக்கு. பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்த டிரைவரை நான் திட்டினால் டீக்கடை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட நான்தான் என் மானத்தைக் கொண்டுபோய்த் தப்பான டப்பாவில் வைத்தேன்.

ஐம்பதை நெருங்கும்போது எனக்கு மாதவிலக்கு நின்றது. விட்டதுடா சனியன் என்று சந்தோஷப்பட்டேன். எங்கே விட்டது? புருஷன் பக்கத்தில் வந்தால் வலி, வறட்சி, எரிச்சல். இதை அவரிடம் சொல்ல வாயே வரவில்லை. தலைவலி என்றேன், முதுகுவலி என்றேன், கடைசியில் பேத்தியை நடுவில் போட்டுப் படுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கூட வாழ்கிற மனுஷனிடம் தினமும் பொய் சொல்கிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அந்தக் கோபத்தை அவர் மேலேயே காட்டுவேன். மாதத்துக்கு எட்டு சோப்பு தீர்க்கிறார் என்று அதற்கும் ஒரு கத்தல்.

சர்க்கரை பார்க்கப் போன ஆஸ்பத்திரியில், என் வயதுப் பெண்களின் தாம்பத்தியப் பிரச்சினையைப் பற்றி ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பூசிக்கொள்ள ஒரு ஜெல் கொடுத்தார்கள். வெள்ளை ட்யூப், அதன் மேல் வெறும் நம்பர். சிலருக்கு மருந்து, சிலருக்குச் சும்மா கொழகொழப்பு, யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாதாம். மாதாமாதம் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஐந்தாவது கேள்வி: ‘கணவரிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?’ நான் ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி எடை போட்டவர். முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். நீல டிரம்களைப் பாதியாக அறுத்து மண் கொட்டி மிளகாய் போட்டார். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொடியில் காயும் துணி மேலேயே படியும், செடியை விடுமா? இந்த மாதிரி மாடிகளில் கொஞ்சம் தண்ணீரில் பயிர் செழிக்க வைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், விவசாயக் கல்லூரியிலிருந்து வந்தாள். மண்ணில் கலந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்குமாம், ஒரு ஜெல் கொடுத்தாள். அதுவும் வெள்ளை ட்யூப், வெறும் நம்பர். எல்லோரும் ஒரே கடையில்தான் ட்யூப் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பொருளை ஒளித்து வைக்க இடம் கிடையாது. பீரோவை மருமகள் திறப்பாள், என் கைப்பையைப் பேத்தி கவிழ்ப்பாள். யோசித்து யோசித்து, மாடிப்படி மேல் அவருடைய ட்யூப்கள் இருந்த பிஸ்கட் டப்பாவிலேயே என்னுடையதையும் வைத்தேன். நம்பர்தான் வேறாயிற்றே, யார் தொடப் போகிறார்கள்? யார்டு மூளை அப்படித்தான் வேலை செய்தது. இரும்பு மார்க்கெட்டில் எவனும் எழுத்தைப் படிக்க மாட்டான், கையால் தடவிப் பார்த்துத்தான் தரம் சொல்வான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாத வெயிலில் அக்கம்பக்கத்து மாடிச் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. எங்கள் மாடியில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி மட்டும் திமிராக நின்றது. அந்தப் பெண் தன் பேராசிரியரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் டீயோடு மேலே போனேன்.

“இந்தச் செடிக்கு மட்டும் என்ன போட்டீங்க அங்கிள்?”

“நீ குட்த்ததுதாம்மா. ரெண்டு ரகம் வச்சிருந்தியே, ஒண்ணு மட்டம். இது ஏ ஒன் சரக்கு. தொட்டுப் பாருங்க சார், இன்னா வழவழப்பு!”

அவர் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டியது என் ட்யூப். பாதிக்கு மேல் காலி. நான்தான் அதிகமாகப் பிதுக்கிவிட்டேனோ என்று ஒரு மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்! பேராசிரியர் இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

“சார், மோந்து பாக்காதீங்க!” என்று அலறிவிட்டேன்.

அந்தப் பெண் ட்யூபைத் திருப்பிப் பார்த்தாள். “இது நம்ம நம்பர் இல்லையே சார். லேப்ல கொடுத்துப் பாத்துடலாம்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளையின் ஆராய்ச்சியில் தப்பான நம்பர் ஏறிவிடும். பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு தப்பு நம்பரை ஏற விட்டதில்லை.

“அது என்னுது” என்றேன்.

“இன்னா உன்னுது?” என்றார் அவர்.

“ஆஸ்பத்திரில எனக்குக் குட்த்தது. நீ பக்கத்துல வந்தா வலிக்குதுய்யா. ரெண்டு வருஷமா வலிக்குது. அதுக்கு மருந்து.”

பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அந்தப் பெண் நோட்டில் அந்தச் செடியின் கணக்கை அடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுவதால்தான் அது வாடாமல் இருக்கும் என்றாள். டீயை நின்றபடியே குடித்துவிட்டு இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.

“எம்மேல துரு நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சுகினு இருந்தேன்மே” என்றார். “காலீல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா சோப்பு போட்டுக் குளிச்சேன். அப்பியும் நீ திரும்பிப் படுத்துக்கினே. வூட்ல இருக்க முடியல. அதான் மாடிக்கு வந்தேன்.”

அடப்பாவி மனுஷா! அந்த சோப்புக்கா நான் அந்தக் கத்து கத்தினேன்? டிரம்மைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு அவரும் கூட வந்தார். சுற்றி எல்லாம் பெண்கள், நடுவில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு இவர் ஒருத்தர். மருந்தால் பக்கவிளைவு ஏதாவது உண்டா என்று நர்சம்மா கேட்டார்.

“செடிக்கு ஒண்ணும் ஆவல சிஸ்டர்” என்றார் இவர்.

நர்சம்மா சிரித்து அடங்கியதும் படிவத்தைக் கொடுத்தார். நான் ஐந்தாவது கேள்விக்கு வந்து நின்றேன். எழுத்து என்றாலே திரும்பிப் பார்க்காத ஆள், குனிந்து விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“‘ஆம்’ எதும்மே?”

காட்டினேன். டிக் அடித்தார். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துபோய், நர்சம்மா வேறு படிவம் கொடுத்தார். அதிலும் அவரே அடித்தார்.