புளியமரச் சாலையில் எடுத்த கடைசிப் படம்

எண்பதுகளின் பிற்பகுதியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்து வந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களைப் பார்த்தால் பேச்சு வராது. அதனால் முதலாளி என்னை முன்பக்கம் நிறுத்தாமல் உள்ளே இருட்டறையில் விட்டுவிட்டார். பிலிம் கழுவுவதும் டச்சிங் செய்வதும் என் வேலை. டச்சிங் என்றால், கல்யாணப் பெண்ணின் முகத்தில் உள்ள பருவையும் மாப்பிள்ளையின் தழும்பையும் நெகடிவிலேயே இல்லாமல் செய்வது. பென்சில் வைத்தால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். பிளேடு முனையால் சுரண்டினால் கறுக்கும்.

ஸ்டூடியோவில் பழைய கேமரா ஒன்று இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் எதிரே இருப்பதெல்லாம் சதுரமாகத் தெரியும். ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். நெகடிவ் பெரியது என்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நிற்கும். சின்னக் கேமராக்கள் வந்த பிறகு முதலாளி இதைக் கல்யாணங்களுக்கு எடுத்துப் போவதில்லை.

எனக்கு அதில் மலையைப் படம் எடுக்க ஆசை. ஆட்களை எடுப்பதென்றால் தலையைத் தூக்கு, சிரி என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மலையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதோடு எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. நேரில் வானத்தை முட்டுகிற கல்வராயன் மலை, படத்தில் மட்டும் ஏன் வரப்பு மாதிரி குட்டையாகிவிடுகிறது? எங்கே நின்று, எந்த வெயிலில் எடுத்தால் அது மலையாகவே இருக்கும்? இதை யாரிடமும் கேட்டதில்லை.

மறியலால் கடைகள் அடைத்துக் கிடந்தன. முதலாளி ஒரு ரோலைக் கையில் கொடுத்து, "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்குப் போயிட்டு வா" என்றார். கிடைத்த பஸ்ஸில் ஏறி, மலைமேல் இருக்கும் கரியாலூரில் தெரிந்தவர் ஒருவர் கடையில் தங்கினேன்.

காலையில் ஒரு சாமைக்காட்டு ஓரமாக நின்று, பனி விலகுவதற்காகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு மலைக்காரப் பெண்மணி நின்றார்.

"இன்னா தொலைச்சிட்ட தம்பி? அப்ப புடிச்சி வவுத்தையே பாத்துக்கினு நிக்கற!"

படம் எடுக்கிறேன் என்றேன். யாரை என்று கேட்டார். மலையை என்றேன். அவர் கட்டை இறக்கிவைத்துவிட்டு வந்து, தானும் குனிந்து பார்த்தார்.

"அய்ய! எங்க வூடு அந்தாண்ட போயிடுச்சே."

எதிர்ச்சரிவில் அவருடைய வீட்டுக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். இவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். "அங்க பாத்தா மனுசன் காட்டுக்குப் போறாரு. இதுல வூட்டுக்கு வராரு. எது நெசம்?" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பனி விலகியது. சரிவின் அடியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு கடுக்காய் மரத்தை வைத்து எடுத்தால் மலை உயர்ந்து நிற்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பதினோரு படம் எடுத்து முடித்தேன்.

கீழே இறங்க பஸ் இல்லை. மூட்டை ஏற்றிவந்த ஒரு ஜீப் அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டது. இன்னும் போனால் சாலைக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டார். நான் நடந்தேன்.

கச்சிராயப்பாளையம் தாண்டி இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற சாலை. எப்போதும் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும் அந்த இடத்தில் அன்று ஒரு வண்டி இல்லை. கிளைகளுக்கு நடுவே வெயில் தார் மேல் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. அப்படியொரு காலிச் சாலையை நான் அதுவரை பார்த்ததில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு மரம் குறுக்கே கிடந்ததும், அதன் நிழலில் சில ஆட்கள் இருந்ததும் தெரிந்தன. ஆனால் கண்ணாடியில் அவர்கள் எள்ளளவுதான். வெயிலைப் பார்த்த ஆவலில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கேமராவை மதகுச் சுவரில் வைத்துக் கடைசிப் படத்தை எடுத்தேன்.

அடுத்த நிமிடம் ஒருவன் ஓடிவந்தான். இருபது வயது இருக்கும், பேண்ட் போட்டிருந்தான். என் சட்டையைப் பிடித்து மரத்தருகே இழுத்துப் போனான். அங்கே இன்னும் மூன்று பேர். ஒருவர் கையில் ரம்பம் இருந்தது.

"மாமா, போலீசுக்குப் படம் எடுக்கறான் மாமா!"

"மலையத்தான் எடுத்தேன். இந்த ரோட்டையும் ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"பாத்தியா, அவனே ஒத்துக்கினான். பின்னாடி தொறடா, ரோல உருவு!" என்று அந்தப் பையன் கேமராவின் கொக்கியில் கை வைத்தான். நான் அதை வயிற்றோடு இறுக்கிக்கொண்டேன்.

"தொறந்தா மலையெல்லாம் போயிடும்" என்றேன்.

ரம்பத்தோடு இருந்தவர் சிரித்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். "ஏன்டா, மலை எங்கடா போவும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து, மூடி திறந்திருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். அவர்கள் வெட்டிப்போட்ட மரமும் மற்ற மூன்று பேரும் அதில் தெரிந்திருக்க வேண்டும். "டேய், கைய ஆட்டுடா" என்றார். பையன் கோபமாக நின்றான். பக்கத்தில் இருந்தவர் ஆட்டினார். "வலக்கைய ஆட்டறான், எடக்கையா ஆடுது. இன்னா அதிசயம்!" ஆளுக்கு ஒருமுறை குனிந்து பார்த்தார்கள். பையன் மட்டும் வரவில்லை.

பிறகு அவர் என்னிடம், "நெஜத்தச் சொல்லு. ஆளு தெரியுமா அதுல?" என்றார்.

"கழுவினாதான் தெரியும்."

"அப்ப நானும் வரேன். கழுவு. மூஞ்சி தெரிஞ்சா அங்கியே கொளுத்திடுவேன். தெரியலன்னா உம் மலைய நீயே வெச்சிக்கோ."

பையன் வேண்டாம் என்று கத்தினான். டவுனில் போலீஸ் வேன் நிற்கிறது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றான். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் ரோல் கழுவத்தான் போறேன்டா, ரோடு மறிக்கவா போறேன்?" என்று கிளம்பிவிட்டார்.

சாலையை விட்டு இறங்கிக் கரும்புக் கொல்லைகளின் ஊடே நடந்தோம். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் அதற்குப் பதில் சொல்லப் பயந்தவர்கள் பல பேர். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கரும்புச் சோகையை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். என் காலடிச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிறகு, "அது ஏம்பா, அந்தக் கண்ணாடில எல்லாமே தலகீழா இல்லாம, பக்கம் மட்டும் மாறிக்கினு கீது?" என்றார். உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்வாக இருக்கிறது என்று ஆரம்பித்து, ஸ்டூடியோ வரும்வரை பேசினேன். ஒரு ஆளோடு அத்தனை நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

பின்கதவு வழியாக உள்ளே போனோம். முதலாளி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். பிலிம் கழுவும்போது துளி வெளிச்சம் ஆகாது. கதவை மூடி விளக்கை அணைத்ததும், "ஏம்பா, கீறியா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "கண்ண மூடிக்கினு கீறனா தொறந்துக்கினு கீறனான்னே தெரியல. எதுனா பேசிக்கினே இரு" என்றார். சற்று முன் என்னை மிரட்டியவருக்கு இருட்டில் என் குரல் தேவைப்பட்டது. பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து மருந்தில் ஏற்றி இறக்கிக்கொண்டே, நான் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கழுவி முடித்து விளக்கைப் போட்டேன். பிலிமைத் தூக்கிப் பிடித்தார். வானம் கறுப்பாகவும் மரங்கள் வெள்ளையாகவும் இருந்தன. மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசிப் படத்துக்கு வந்தார். சாலையின் கோடியில் நாலு புள்ளிகள்.

"இதுவா? எறும்பாட்டம் கீது. இதுக்குப் போயி அந்தப் பய குதிச்சான்!" என்று பிலிமை என்னிடம் நீட்டினார். துண்டை உதறிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த நெகடிவில் எவ்வளவு அடங்கும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் பன்னிரண்டு படமும் எனக்கு. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமும்கூட. ஆனால் இருட்டில் என்னைப் பேசச் சொன்ன அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

"அண்ணே, பெருசு பண்ணா மூஞ்சி தெரியலாம்" என்றேன்.

அவர் நின்றார். பிலிமை மின்விசிறிக் காற்றில் காயவைத்து, அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி, சிவப்பு விளக்கில் பேப்பரை மருந்தில் போட்டேன். முதலில் மரம் வந்தது. பிறகு சாலை. பிறகு, மரத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடிக்கிற ஓர் ஆள்.

"யோவ், நானுய்யா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். கடைசியாக, எங்களைப் பார்த்தபடி நேராக நின்ற பேண்ட் போட்ட பையன். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க அக்கா மவன்" என்றார். "காலேஜில கடேசி வருசம். எங்க வூட்ல அவன் ஒருத்தன்தான் படிச்சான். கேசு ஆச்சுன்னா எவன் குடுப்பான் வேல? வேலைக்கோசரந்தான மரத்தையே வெட்னோம்."

பிலிமைக் கொளுத்துவேன் என்று சொன்னவர், தீப்பெட்டியைத் தொடவில்லை. பிலிமில் இருந்த மலைப் படங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் காலிச் சாலையையும் இழக்க மனம் வராமல் நானே சொன்னேன். ஆட்களை மட்டும் எடுத்துவிடலாம், நெகடிவிலேயே சுரண்டிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் வராது, நிழலோடு நிழலாகப் போய்விடும் என்று.

பூதக்கண்ணாடியை வைத்துப் பிளேடு முனையை எடுத்தேன். "மொதல்ல அவன எடு" என்றார். பையனை எடுத்தேன். பிறகு மற்ற இருவரை. அவரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். பீடியோடு அவர் உட்கார்ந்திருந்த விதம் அவ்வளவு அழகாக இருந்தது. வேண்டுமென்றால் இருக்கட்டுமா, முகம் பாதி நிழலில்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்ட போ. நான் ஒண்டியா குந்திக்கினு இருந்தா, அவ்ளோ பெரிய மரத்த ஒருத்தனே வெட்னான்னு எழுதிடுவானுங்க. எடு, எடு."

அவரையும் எடுத்தேன். ஈரமாக இருந்த அந்தப் படத்தை அவரே சுக்குநூறாகக் கிழித்து வாளியில் போட்டார். பின்கதவைத் திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சில நாட்கள் கழித்து சாதா உடையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். மறியல் படம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்டூடியோவாகக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். விஷயம் தெரியாத முதலாளி, "நம்ம ஆளு மலைக்குப் போனாரு, வேணும்னா பாருங்க" என்று என் பிலிமை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் கடைசிப் படத்தில் மரம் கிடப்பதைப் பார்த்து, பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, வெகு நேரம் பார்த்தார்.

"ஆளுங்க யாரும் இல்லியா?"

"இல்லீங்க" என்றேன்.

"வெறும் மரத்த வெச்சிக்கினு யாரப் புடிக்கறது?" என்று சலித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

முதலாளி பிலிமை வாங்கி வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தார். அந்தத் தொழிலில் முடி நரைத்தவர் அவர். "நெழலு கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு உறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்களைப் பார்த்துவிட்டேன். அன்று அவர் எறும்பு என்று சொல்லிக் கதவுப் பக்கம் திரும்பியபோது நானும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தப் பூதக்கண்ணாடிக்குக் கீழே யார் முகம் இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதனாலோ என்னவோ, எவ்வளவு அழகான காட்சிப் படம் கையில் கிடைத்தாலும், என் கண் முதலில் அதன் மூலையிலும் நிழலிலும் போய், தெரியக் கூடாத யாராவது அங்கே நிற்கிறார்களா என்றுதான் தேடுகிறது.