அக்கா கதவைப் பார்த்திருந்த கடை

வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் அங்கே எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சின்னக் குவளை. மூடி போட்டு, உறிஞ்சுகுழல் செருகி, பாங்கொக் நகரத்துக் கோழிக்கடை மேசையில் ஒருவரும் கேட்காமலே வைக்கப்பட்ட, ஆரஞ்சு நிறத் தோடம்பழச் சாறு. அதனால் நான் யாருக்கும் வழி சொல்வதில்லை.

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் அது. நிவாரண வேலைப் பயிற்சிக்கு எங்கள் அலுவலகம் இரண்டு பேரை அங்கே அனுப்பியது. ஒன்று செங்கலடிக்காரியான நான். மற்றது எனக்கு மேலதிகாரியாக இருந்த, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அவர் கடற்கரையோர நாவலடிக்காரி. ஐந்து வருடங்களுக்கு முன் வந்த சுனாமி அவருடைய வீட்டையும் ஐந்து வயது மகனையும் கொண்டுபோயிருந்தது. பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. கடலிலும் வாவியிலும் தேடி ஓய்ந்த பிறகு, வெல்லாவெளியில் ஒரு சாத்திரி, பிள்ளை கடல் தாண்டி உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்த ஆளை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டித் தீர்த்திருக்கிறேன்.

பயிற்சி மத்தியானத்தோடு முடிந்துவிடும். பிறகு படகில் ஆற்றைச் சுற்றலாம், தெருவோரத்தில் இறால் போட்டுப் பிரட்டித் தரும் நூடில்ஸ் சாப்பிடலாம். அக்காவோ விடுதிக்குப் பக்கத்தில் சேவல் தலைப் பலகை தொங்கும் கோழிக்கடைக்குள் புகுந்துவிடுவார். கொழும்பிலும் இருக்கிற கடைதான். உட்கார அதே சிவப்புக் கதிரை, அதே எண்ணெய் வாசம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னக்கா, இவ்வளவு தூரம் வந்து கோழிப் பொரியலா? ஆத்தங்கரைக் கோயிலையெண்டாலும் வந்து பாருங்க."

"நீ போய்ப் பாத்திட்டு வாகா. நான் இஞ்ச இருக்கன்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்களைப் பாசமாகக் கூப்பிடும் 'கா' அது. தண்ணீருக்குப் பயம் போலும் என்று நினைத்துத் தனியாகவே அலைந்தேன். திரும்பி வரும்போதும் அவர் அதே மேசையில், கதவைப் பார்த்தபடி, ஆறிப்போன கோழித் துண்டுக்கு முன்னால் இருப்பார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"மகன்ட கண்ண டொக்டருக்குக் காட்டக் கொழும்புக்குக் கூட்டிப் போனனான். அண்டைக்கு இந்தக் கடையிலதான் சாப்பிட்டவன். சனத்துக்குள்ள துலைஞ்சி போனா, சேவல் படம் போட்ட கடைக்குள்ள போய் இரு, அம்மா வந்து கூட்டிப் போவன் எண்டு சொல்லி வச்சனான். அவன் சொல்வழி கேக்கிற புள்ள."

பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் எல்லோருமே யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். முகாம் வாசல்களில் படத்தோடு நின்ற தாய்மாரை நானே பார்த்திருக்கிறேன். இது அப்படியானதல்ல. நானும் கூட இருக்கிறேன் என்றதற்கும் அக்கா விடவில்லை. நான் எதிரே இருந்தால் கதவு மறைக்கிறதாம்.

புறப்படும் நாள், விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வருவதற்கு முன் அவரைக் கூட்டிவரப் போனேன். அப்போதுதான் கடைக்காரப் பெண் அந்தக் குவளையைக் கொண்டுவந்து, அக்காவுக்கு எதிரே, ஒருவரும் இராத கதிரைக்கு முன்னால் வைத்தாள். நாங்கள் கேட்கவில்லை என்று கையாட்டினேன். அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது. சிரித்துக்கொண்டே, ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தைச் சொல்வதுபோல், கையைத் தன் இடுப்பளவுக்குத் தாழ்த்திக் காட்டினாள். பிறகு அந்த வெறுங்கதிரையைக் காட்டினாள்.

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வந்திட்டான். நான் வரல்ல. நீ போ."

வேறு யாருடைய பிள்ளையோ என்றேன், கடைக்காரிக்கு விளங்கவில்லை என்றேன். கேட்டால்தானே. வெளியே வான் ஹோர்ன் அடித்தது. இவரை விட்டுவிட்டுப் போனால் இந்தப் பட்டணத்திலேயே கிடந்து அழிந்துபோவார் என்று பயந்தேன்.

"அக்கா, உங்கட மகனுக்கு இப்ப பத்து வயசு. அந்த உயரத்தில இருக்க மாட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடை முழுவதையும் பார்த்தார். மூலை மேசையில் பள்ளிக்கூடச் சட்டையோடு சில பையன்கள் ஐஸ்கிரீமுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எழுந்து என் பின்னால் வந்து வானில் ஏறினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாதி வழியில்தான் பேசினார். முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

"பத்து வயசுப் பொடியனுகள் ஒவ்வொரு நாளும் வந்து போனானுகள். நான் ஒருத்தனையும் பாக்கல்லயேகா."